டெஸ்லாவை ஏமாற்றியது யார்? 1888 வரைக்குமான கதை மட்டும்

மின்னல்கொடி

குடும்ப வாட்ஸாப் குழுவில் இன்று மறுபடியும் அதே படம் வந்தது. ஒரு பக்கம் மீசை வைத்த டெஸ்லா, இன்னொரு பக்கம் சிடுசிடு முகத்தோடு எடிசன். கீழே மூன்று வரி: டெஸ்லா ஏசி (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரத்தைக் கண்டுபிடித்தார், எடிசன் 50,000 டாலர் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார், கடைசியில் கையில் காசில்லாமல் செத்தார்.

பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் எடுப்பவள் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. அந்தக் கடைசி வரி ஓரளவு உண்மை. முதல் வரி தவறு. நடு வரிதான் இந்த இழைக்கான விஷயம். 1856இல் பிறந்ததிலிருந்து 1888இல் காப்புரிமை விற்றது வரை மட்டும் பேசுவோம். அவருடைய பிற்காலத்து வார்டன்கிளிஃப் கோபுரம், புறா, மரணக்கதிர், அவர் பெயர் கொண்ட கார் கம்பெனி எல்லாவற்றுக்கும் வேறு இழைகள் இருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளம் டெஸ்லாவின் உழைப்பையும் காப்புரிமையையும் வாரிக்கொண்டு போனவர்கள் நியூஜெர்சியில் ராவே என்ற சின்ன ஊரில் தொழில் தொடங்கிய இரண்டு முதலீட்டாளர்கள். பள்ளத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டவர்களும் இரண்டே பேர். இந்த நால்வர் பெயரும் யாருக்கும் தெரியாது. பழி மட்டும் எடிசன் தலையில் விடிந்துவிட்டது.

டெஸ்லாபக்தன்

ஆரம்பிச்சிட்டாங்கய்யா எடிசனுக்கு வக்காலத்து! 50,000 டாலர் விஷயம் டெஸ்லாவே தன் கையால எழுதினது. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் மேடம்?

பழையபேப்பர்

தம்பி, அவர் எழுதியதை முழுசா வாசிச்சுப் பாருங்க. 1919இல் எலக்ட்ரிகல் எக்ஸ்பெரிமெண்டர் இதழில் தொடராக வந்த தன்வரலாறு அது. அதில் 24 வகை டைனமோக்களை வடிவமைத்துக் கொடுத்தால் 50,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தது 'மேனேஜர்' என்றுதான் இருக்கிறது. எடிசன் என்று இல்லை. அது வெறும் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது, அதிர்ச்சியில் வேலையை விட்டேன் என்கிறார். அவ்வளவுதான்.

எடிசன் சிரித்துக்கொண்டே 'உங்களுக்கு எங்கள் அமெரிக்க நகைச்சுவை புரியவில்லை' என்று சொன்னதாக வரும் காட்சி, டெஸ்லா இறந்த மறு ஆண்டு, 1944இல் வந்த வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் பரவியது. நாம் பார்க்கும் மீம்களின் தாய்வீடு அதுதான்.

இன்னொரு சங்கதி. எடிசன் மெஷின் ஒர்க்ஸில் (நியூயார்க்கில் எடிசனின் இயந்திரப் பட்டறை, டெஸ்லா அமெரிக்காவில் முதலில் வேலை பார்த்த இடம்) கிட்டத்தட்ட ஒரு வருடம், காலை பத்தரை முதல் மறுநாள் விடிகாலை 5 மணி வரை, ஒருநாள்கூட விடாமல் வேலை பார்த்ததாக அதே தொடரில் எழுதுகிறார். அவர் நியூயார்க்கில் இறங்கியது 1884 ஜூன். அவருடைய குறிப்பேட்டில் 1884 டிசம்பர் 7 முதல் 1885 ஜனவரி 4 வரைக்கான இரண்டு பக்கங்களில், 'எடிசன் மெஷின் ஒர்க்ஸுக்கு விடை' என்று பெரிய எழுத்தில் குறுக்காக எழுதி வைத்திருக்கிறார். ஆக மொத்தம் ஆறு மாதம்தான். அறுபது தாண்டிய மனுஷன் இருபத்தேழு வயதை நினைத்து எழுதும்போது ஒன்று இரண்டாகத்தான் செய்யும்.

டெஸ்லாபக்தன்

மேனேஜர் யாரோட ஆளு? எடிசன் ஆளுதானே? முதலாளிக்குத் தெரியாம மேனேஜர் வாக்குக் குடுப்பாரா?

மின்னல்கொடி

நியாயமான கேள்வி. ஆனால் தொகையைப் பாருங்கள். நான்கு வருடம் கழித்து அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனி டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகளுக்கான உரிமத்தை மொத்தமாகப் பேசி வாங்கியபோது கொடுத்தது, ரொக்கமும் பங்குமாகச் சேர்த்து 60,000 டாலர். குதிரைத்திறனுக்கு 2.50 டாலர் வீதம் ராயல்டி தனி. உலகத்தையே மாற்றிய சரக்குக்கு அந்த விலை என்றால், கப்பலிலிருந்து இறங்கிய புது எஞ்சினியருக்கு டைனமோ வரைபடத்துக்காக எந்த மேனேஜர் மனதாரப் பேசி 50,000 கொடுப்பார்? யாரோ கிண்டலுக்குச் சொன்னதை இவர் மெய்யென்று எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பொருந்துகிறது.

அதோடு இது முதல் தடவையும் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எடிசனின் பிரெஞ்சுக் கம்பெனி அவருக்கு இதே மாதிரி ஒன்று செய்தது. அதைச் சொல்ல ஊர்க் கதையிலிருந்து வரவேண்டும்.

வடமராட்சியான்

சொல்லுங்கோ அக்கா, முழுசாய்ச் சொல்லுங்கோ. எங்களுக்குக் கம்பசில், அதாவது யூனிவர்சிட்டியில், டெஸ்லா எண்டால் காந்தப்புல அடர்த்தியின்ர அலகு மட்டும்தான். ஆளைப்பற்றி ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

மின்னல்கொடி

சரி, சின்ன வயதிலிருந்து.

பிறந்தது 1856 ஜூலை 10, ஸ்மில்யான் என்ற மலையடிவாரக் கிராமம். அன்று ஆஸ்திரியப் பேரரசின் எல்லை ராணுவ மாவட்டம், இன்று குரோவேஷியா. செர்பியக் குடும்பம். அப்பா மிலுட்டின், ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். தன் பிள்ளையும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் தீர்மானம். அம்மா ஜூக்காவுக்குப் பள்ளிப்படிப்பு கிடையாது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய சாமான்களை அவரே வடிவமைத்துச் செய்வார், செடி வளர்த்து நார் பிரித்து நூல் நூற்பார், செர்பிய வீரகாவியங்களை மனப்பாடமாகச் சொல்வார். அறுபது வயதுக்கு மேலும் ஒரு கண்ணிமை முடியில் மூன்று முடிச்சுப் போடும் விரல்கள் அம்மாவுக்கு என்று மகன் எழுதுகிறார். தன் கண்டுபிடிப்புத் திறமை அம்மா வழி வந்தது என்பதில் டெஸ்லாவுக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் டானே குதிரை விபத்தில் இறந்தபோது இவருக்கு ஐந்து வயது. வீட்டில் எல்லோரும் புத்திசாலி என்று கொண்டாடிய பிள்ளை அவன். அதற்குப் பிறகு இவர் எதைச் செய்தாலும் அப்பா அம்மாவுக்கு அண்ணன் நினைப்புதான் வந்ததாம். அந்த வீட்டில் வளர்வது லேசு இல்லை.

அவருடைய முதல் 'மோட்டார்' பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மெல்லிய தண்டின் மேல் சிலுவை மாதிரி குச்சி பொருத்தி, நான்கு வண்டுகளை அதில் ஒட்டிவிடுவார். அவை சிறகடிக்க, குச்சி சுற்ற, தண்டிலிருந்து நூல் வழியாக ஒரு பெரிய வட்டு சுற்றும். வண்டுகள் ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தாதாம், வெயில் ஏற ஏற வேகமும் ஏறுமாம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ராணுவ அதிகாரி வீட்டுப் பையன் வந்து ஜாடியில் மிச்சமிருந்த வண்டுகளை உயிரோடு எடுத்து ருசித்துச் சாப்பிட்டான். அன்றோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. பிறகு வாழ்நாளில் வண்டையே தொடவில்லை என்கிறார்.

காவேரிக்கரை

😂😂 பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லியிருந்தால் நானும் இயற்பியல் எடுத்திருப்பேன்.

மின்னல்கொடி

பள்ளிப்படிப்பு கார்லோவாட்ஸ் நகரில், நான்கு வருடப் பாடத்தை மூன்றில் முடித்தார். இயற்பியல் வாத்தியார் மார்ட்டின் செகுலிச் வகுப்பில் செய்துகாட்டிய மின்சாரச் சோதனைகள்தான் ஆளைப் பிடித்துக்கொண்டன. 1873இல் ஊர் திரும்பினார், வந்ததும் காலரா. ஒன்பது மாதம் படுக்கை. பலமுறை பிழைக்கமாட்டார் என்ற நிலை. அப்போது அப்பாவிடம் பேரம் பேசுகிறார்: எஞ்சினியரிங் படிக்கவிட்டால் ஒருவேளை பிழைத்துக்கொள்வேன். பாதிரியார் ஆசையை அப்பா அங்கேயே விட்டுவிட்டார். படுத்த படுக்கையில் காரியம் சாதித்த பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு.

1875இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி. எல்லை மாவட்ட நிர்வாகத்தின் உதவித்தொகை. முதல் வருடம் காலை 3 மணிக்கு எழுந்து இரவு 11 வரை படிப்பு, ஒன்பது தேர்வுகளில் தேர்ச்சி. பெருமையோடு வீட்டுக்குப் போனால் அப்பா கண்டுகொள்ளவே இல்லை. காரணம் அப்பா இறந்தபிறகுதான் தெரிந்தது. வீட்டில் ஒரு கட்டுக் கடிதம் கிடைத்தது. 'இவனைக் கல்லூரியிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் படித்தே செத்துவிடுவான்' என்று பேராசிரியர்கள் அப்பாவுக்கு எழுதியவை.

இரண்டாம் வருடம்தான் நம் கதையின் மையம். பேராசிரியர் யாக்கோப் பெஷ்ல் வகுப்புக்குப் பாரிஸிலிருந்து வந்த, கிராம் என்பவர் பெயர் கொண்ட டைனமோவை வைத்து ஓட்டிக் காட்டுகிறார். அதையே மோட்டாராகவும் ஓட்டலாம். ஓடும்போது கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசிச் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் ஏற்றும் செம்பு வளையம்) பொறி பறக்கிறது. இந்த உரசல் இல்லாமலே மோட்டார் செய்யலாமே என்கிறார் டெஸ்லா. பேராசிரியர் அடுத்த ஒரு முழு வகுப்பையும் எடுத்துக்கொண்டு அது ஏன் நடக்காது என்று விளக்கினார். டெஸ்லா பெரிய காரியங்கள் சாதிப்பார், ஆனால் இதைமட்டும் சாதிக்கமாட்டார் என்று முடித்தார்.

சுருள்கம்பி கோவை

மேடம், இந்த எடத்துல நான் கொஞ்சம் பேசிக்கிறேன். நமக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங்.

இதுல வாத்தியார் சொன்னதுல தப்பே இல்லீங்க. டிசி, அதாவது ஒரே திசையில போற கரண்ட்ல ஓடுற மோட்டார்ல, நடுவுல சுத்துற ஆர்மேச்சருக்கு, அதான் காயில் சுத்துன உருளைக்கு, கரண்ட் போயாகணும். சுத்துற பொருளுக்கு நேரா ஒயர் கட்ட முடியாது, முறுக்கிக்கும். அதனால கம்யூட்டேட்டர் மேல பிரஷ் ஒரசிக்கிட்டே இருக்கணும். அரைச் சுத்துக்கு ஒருக்கா கரண்டோட திசையையும் அதே மாத்தி விடணும். ஒங்க வீட்டு மிக்ஸி ஓடறப்ப லைட்டை அணைச்சுட்டு அடியில காத்து ஓட்டை வழியாப் பாருங்க, நீலமாப் பொறி தெரியும், ஒரு வாடை வரும். அதான் அது. கார்பன் பிரஷ் தேஞ்சா எங்ககிட்ட வருவீங்க. டெஸ்லா படிச்ச காலத்துல கார்பனே இல்லீங்க, செம்புக் கம்பியைக் கத்தையாக் கட்டித்தான் பிரஷ். பொறி எப்படிப் பறந்திருக்கும்னு யோசிச்சுக்குங்க.

இப்ப போர்வெல்லுக்குள்ள நானூறு, ஐநூறு அடியில சப்மெர்சிபிள் மோட்டார் ஓடுது. அதுல பிரஷ் இருந்தா யாரு எறங்கி மாத்துறது?

வடமராட்சியான்

அண்ணை, இவ்வளவு தெளிவாய் எங்கட விரிவுரையாளரும் சொல்லேல்லை. அப்ப பிரஷ் இல்லாமல் அது எப்படிச் சுத்துது எண்டதையும் நீங்களே சொல்லுங்கோ.

சுருள்கம்பி கோவை

சொல்றேனுங்க. வெளியில அசையாத ஸ்டேட்டர்ல மூணு பேஸுக்கு, அதாவது அடுத்தடுத்து ஏறி எறங்குற மூணு ஏசி கரண்டுக்கு, மூணு செட்டு காயில், ஒண்ணுக்கொண்ணு 120 டிகிரி தள்ளி. கரண்ட் மூணுலயும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாது, ஒண்ணு மாத்தி ஒண்ணு போகும். கோயில் திருவிழா ராட்டினத்தைச் சுத்தி மூணு பேர் நின்னுக்கிட்டு மொறை வெச்சுத் தள்ளுனா எப்படி நிக்காமச் சுத்துமோ, அந்த மாதிரி காந்தம் சுத்தி வரும். காயில் அசையாது, இரும்பு அசையாது, காந்தப்புலம் மட்டும் சுத்தும். உள்ள இருக்கிற ரோட்டார்ல கரண்ட் தானாத் தூண்டப்பட்டு அது பின்னாடியே ஓடும். உள்ளுக்கு ஒயரே கெடையாது. வெறும் அலுமினியக் கம்பிக் கூண்டு.

ஆனா ரோட்டார் அந்தக் காந்தத்தை எப்பவும் எட்டிப் பிடிக்காது. பிடிச்சா தூண்டலே நின்னுபோகும். பம்பு மோட்டார் நேம் பிளேட்டைப் பாருங்க. நாலு போல், அதாவது நாலு காந்த முனை மோட்டார்னா காந்தம் சுத்துறது நிமிசத்துக்கு 1500. பிளேட்ல 1440 மாதிரிதான் போட்டிருக்கும். அந்த அறுவது சுத்துப் பாக்கிதான் மோட்டாரை ஓட்டுது. ரெண்டு பேஸை மாத்திக் குடுத்தீங்கன்னா திருப்பிச் சுத்தும். அவ்வளவுதானுங்க.

பன்னிரண்டாம்வகுப்பு அப்பா

ஐயா, அம்மா, நான் இங்கே வாசிப்பதோடு சரி. ஒரு சந்தேகம். மகனுக்குக் காட்டலாம் என்று வாசித்து வந்தேன். டெஸ்லா கிராட்ஸில் பட்டம் வாங்கினாரா இல்லையா? கூகுளில் இரண்டு விதமாகவும் வருகிறது.

மின்னல்கொடி

வாங்கவில்லை சார். மகனுக்கு இந்தப் பகுதியைக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். :)

சீட்டாட்டம், பில்லியர்ட்ஸ், பந்தயம். விடிய விடிய ஆட்டம். உதவித்தொகை நின்றது. மூன்றாம் வருடம் தேர்வெழுதவில்லை. 1878 டிசம்பரில் யாரிடமும் சொல்லாமல் கிராட்ஸை விட்டுப் போய்விட்டார். மாரிபோர் என்ற ஊரில் மாதம் 60 புளோரினுக்கு (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) வரைபடம் போடும் வேலை, மாலையில் தெருவோரக் கடைகளில் சீட்டு. அடுத்த மார்ச்சில் அப்பாவே தேடிவந்து கெஞ்சினார், இவர் மறுத்துவிட்டார். அதே மாதம் தங்கும் அனுமதி இல்லை என்று போலீஸ் காவலோடு ஊருக்கு அனுப்பப்பட்டார். மூன்றே வாரத்தில், 1879 ஏப்ரல் 17இல், அப்பா இறந்தார்.

சூதாட்டத்தை விட்ட கதை அம்மாவால் என்கிறார். கையில் இருந்த பணத்தை அம்மா கட்டாகக் கொடுத்து, போய் விளையாடு, இருப்பதையெல்லாம் எவ்வளவு சீக்கிரம் தொலைக்கிறாயோ அவ்வளவு நல்லது, அப்புறம் சரியாகிவிடுவாய் என்றாராம். அந்த இடத்திலேயே ஆசை அறுந்தது. என் அம்மாவாக இருந்தால் விளக்குமாறு வந்திருக்கும்.

1880 ஜனவரியில் மாமன்மார் இரண்டு பேர் காசு போட்டுப் பிராக் நகருக்குப் படிக்க அனுப்பினார்கள். சேர்க்கை முடிந்திருந்தது. கட்டாயப் பாடமான கிரேக்கம் தெரியாது, செக் மொழியும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்து கேட்டார், மதிப்பெண் கிடையாது. ஆக, பல கட்ட (பல பேஸ்) மின்சாரத்தின் பிதாமகர்களில் ஒருவர் பட்டம் இல்லாதவர். பிற்காலத்தில் கௌரவப் பட்டங்கள் வரிசையில் நின்றன, அது வேறு.

காவேரிக்கரை

குறுக்கே ஒரு கேள்வி. டெஸ்லா விவேகானந்தரைச் சந்தித்த பிறகுதான் ஏசி மின்சாரத்துக்கான எண்ணமே வந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். பிராணன், ஆகாசம் என்பதிலிருந்து எடுத்தாராம். இதை யாரும் சொல்லவில்லையே?

பழையபேப்பர்

சந்திப்பு உண்மை. விவேகானந்தர் 1896 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதத்திலேயே டெஸ்லாவைப் பற்றி வருகிறது. ஆனால் டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகள் 1888 மே 1ஆம் தேதி கொடுக்கப்பட்டவை. எட்டு வருடம் முந்தியது. அந்த ஏசி முறையில் நயாகராவில் மின்நிலையமே 1895இல் ஓடத் தொடங்கிவிட்டது. நாள்காட்டியைப் பார்த்தாலே போதும்.

மட்டுறுத்துநர்

விவேகானந்தர் விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்ளவும். இதைத் தொடர்ந்து வந்த ஐந்து மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். தலைப்பு 1888 வரை.

வடமராட்சியான்

நல்ல காரியம். இனி புடாபெஸ்டுக்கு வாங்கோ அக்கா.

மின்னல்கொடி

1881. திவதார் புஷ்காஷ் என்பவர் புடாபெஸ்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டுகிறார், அங்கே வேலை என்று போகிறார். போனால் எக்ஸ்சேஞ்ச் இன்னும் தயாராகவில்லை. தந்தி அலுவலகத்தில் வரைபட வேலை. சில மாதத்தில் எக்ஸ்சேஞ்ச் திறந்ததும் தலைமை எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டார்.

இடையில் நரம்புத் தளர்ச்சி. மூன்று அறை தள்ளி ஓடும் கடிகாரத்தின் டிக்டிக் கேட்டதாம், மேசையில் ஈ உட்கார்ந்தால் காதில் தொப்பென்று விழுந்ததாம். தேறியபின் நண்பர் அந்தல் சிகெட்டியோடு நகரப் பூங்காவில் மாலை நடை. 1882 பிப்ரவரி என்று சொல்வார்கள். சூரியன் இறங்குகிறது, இவர் ஜெர்மன் கவிஞர் கெதேயின் ஃபவுஸ்ட் நாடகத்திலிருந்து அஸ்தமனம் பற்றிய வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறார். சட்டென்று நின்று, ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் போடுகிறார். நம் கோவைக்காரர் மேலே சொன்ன சுற்றும் காந்தப்புலம்தான் அது. ஆறு வருடம் கழித்து அமெரிக்காவில் காட்டியதும் அதே படங்கள்தான் என்பது அவர் வாதம்.

பழையபேப்பர்

பூங்காக் காட்சி அவரே பின்னாளில் சொல்லி நமக்குத் தெரிவது. குச்சி, மணல், கெதே எல்லாம் கொஞ்சம் அதிக அழகாகவே இருக்கிறது. ஆனால் 1883இல் கையில் ஓடும் மோட்டாரே இருந்தது என்பதால் அதற்கு முன் எண்ணம் பிறந்திருக்கத்தான் வேண்டும்.

மின்னல்கொடி

ஆமாம், ஸ்ட்ராஸ்பூர்க்.

1882இல் புஷ்காஷ் மூலமாகவே பாரிஸில் எடிசனின் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளக்குப் போடுவது, பழுது பார்ப்பது. மேலதிகாரிகளிடம் தன் மோட்டாரைப் பற்றிச் சொன்னார், யாரும் அசையவில்லை. அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் நிலையத்தில் எடிசன் கம்பெனி விளக்கு போட்டுக் கொடுத்திருந்தது. திறப்புவிழாவில் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்து நிற்கும்போது ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சுவரின் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. ஒயரிங் படுமோசம். ஜெர்மன்காரர்கள் சரக்கை எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். நஷ்டம் பெரிசு. ஜெர்மன் பேசத் தெரிந்த டெஸ்லாவை அனுப்பினார்கள்.

பகலில் கம்பெனி வேலை. ஓய்வு நேரத்தில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பட்டறையில் தன் மோட்டாரைச் செய்தார். 1883 கோடையில் அது சுற்றியது. பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. நடக்காது என்று பேராசிரியர் சொன்னது நடந்துவிட்டது. முதலீடு தேட முன்னாள் மேயர் ஒருவர் உதவி செய்தார். ஊர்ப் பணக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். காசு போட ஒருவரும் முன்வரவில்லை. ஜெர்மன்காரர்கள் படையெடுத்தபோது தோட்டத்தில் புதைத்து ஒளித்து வைத்த 1801ஆம் வருட ஒயினை எடுத்து ஊற்றிக்கொடுத்தாராம் அந்த முன்னாள் மேயர். காசுதான் கிடைக்கவில்லை.

பாரிஸ் திரும்பியதும் ஸ்ட்ராஸ்பூர்க் சிக்கலைத் தீர்த்ததற்குப் பேசிய சன்மானத்தைக் கேட்கிறார். நிர்வாகிகள் மூன்று பேர். முதலாமவர் இரண்டாமவரைப் பார்க்கச் சொன்னார், இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் முதலாமவரையே. அரசு அலுவலகத்தில் மனு எடுத்துக்கொண்டு அலைந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன முதல் ஏமாற்றம் இது. டெஸ்லாபக்தன் கவனிக்க, இதிலும் எடிசன் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

டெஸ்லாபக்தன்

சரி மேடம், எடிசன் வாயால சொல்லலைன்னே வெச்சுக்குவோம். அவர் பேர் போட்ட ரெண்டு கம்பெனி, ரெண்டு கண்டத்துல, ஒரே ஆளை ஏமாத்தியிருக்கு. பேர் போட்டவருக்குப் பொறுப்பு இல்லையா?

பழையபேப்பர்

இது நல்ல கேள்வி. பதில் சொல்ல என்னிடம் அவசரம் இல்லை. :)

மின்னல்கொடி

பொறுப்பு உண்டு. மீமில் அப்படிப் போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நியூயார்க் பகுதியைச் சுருக்கிவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும். பாரிஸில் அவரைப் பார்த்த எடிசனின் வலக்கை சார்லஸ் பேச்சலர்தான் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டது. அட்லாண்டிக் கடந்த வேகத்தில் பேர்போன எஸ்.எஸ். ஓரிகன் கப்பலில் இரண்டு டைனமோவும் படுத்துவிட்டன. மேல்தளம் கட்டி மூடிவிட்டதால் வெளியே எடுக்கவும் முடியாது. டெஸ்லா ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலுக்குள்ளேயே சரிசெய்துவிட்டு விடிகாலை திரும்பும்போது எடிசன் எதிரில் வந்தார், விவரம் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் ஆள் பலே கெட்டிக்காரன் என்று பாராட்டினார் என்கிறார் டெஸ்லா. அவர் கணக்கிலேயே எடிசன் மேல் பகை இல்லை.

இனிதான் ராவே. 1885இல் ராபர்ட் லேன், பெஞ்சமின் வெயில் என்ற இருவர் டெஸ்லா பெயரிலேயே விளக்குக் கம்பெனி தொடங்குகிறார்கள். அவர் ஏசி மோட்டார் பற்றிப் பேசினார், அவர்களுக்கு வேண்டியது தெருவிளக்கு. ஆர்க் விளக்கும் (இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறியால் ஒளிரும் விளக்கு), அதற்கான டைனமோவும் வடிவமைத்தார். டெஸ்லாவின் முதல் அமெரிக்கக் காப்புரிமைகள் இவைதான். ராவே தெருக்களில் விளக்கு எரிந்தது, தொழில் பத்திரிகைகள் பாராட்டின. 1886இல் கூட்டாளிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். சாமான் தயாரிப்பதில் போட்டி அதிகம், கரண்ட் விற்பதில்தான் காசு. புதுக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்துக்கொண்டு பழையதைக் கைகழுவிவிட்டார்கள். பங்குக்கு ஈடாகக் காப்புரிமைகளைக் கம்பெனி பெயருக்கே எழுதிக் கொடுத்திருந்தார் டெஸ்லா. ஆக, தான் கண்டுபிடித்த விளக்கைத் தானே செய்து விற்க முடியாது. கையில் மிஞ்சியது மதிப்பில்லாத ஒரு அழகான பங்குப் பத்திரம்.

அந்தக் குளிர்காலம், 1886-87, நியூயார்க்கில் நாளுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார்.

சுருள்கம்பி கோவை

அந்த அம்பதாயிரத்தை ரெண்டு ரெண்டாச் சேத்தா இருபத்தஞ்சாயிரம் நாள் பள்ளம் தோண்டணும். அறுவத்தெட்டு வருசம். லீவு கெடையாது.

காப்புரிமையைக் கம்பெனி பேருக்கு எழுதிக் குடுக்கிறது இருக்கே, எங்க பக்கம் பட்டறைக்காரங்க நெறைய பேரு இதே மாதிரி டிசைன் குடுத்துட்டு ஏமாந்திருக்காங்க. எடத்தைச் சொல்ல வேண்டாம்.

வடமராட்சியான்

பள்ளத்தில இருந்து ஆளை ஆர் எடுத்தது?

மின்னல்கொடி

பள்ளம் தோண்டிய இடத்து மேஸ்திரி. இவருடைய பேச்சைக் கேட்டு, ஆல்பிரட் பிரவுன் என்பவரிடம் அறிமுகம் செய்துவைத்தார். பிரவுன் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியில் மேற்பார்வையாளர், தொழில் தெரிந்தவர். அவர் சார்லஸ் பெக் என்ற வக்கீலைக் கூட்டிவந்தார், பணமும் பேரமும் தெரிந்தவர். பெக்குக்கு ஏசி மோட்டாரில் முதலில் நம்பிக்கை இல்லை. டெஸ்லா செம்புப் பூச்சுப் பூசிய முட்டை ஒன்றை மரப்பலகை மேல் வைத்து, அடியில் காயில்களுக்குக் கரண்ட் கொடுத்தார். முட்டை சுற்ற ஆரம்பித்து, வேகம் ஏற ஏற எழுந்து முனையில் நின்றது. கொலம்பஸ் முட்டையை உடைத்து நிற்கவைத்ததாகக் கதை, இவர் உடைக்காமல். பெக் மனம் மாறினார்.

1887 ஏப்ரலில் கம்பெனி, மன்ஹாட்டனில் லிபர்டி தெரு 89ஆம் எண்ணில் ஆய்வுக்கூடம். மாதம் 250 டாலர் சம்பளம். லாபத்தில் மூன்றில் ஒன்று டெஸ்லாவுக்கு, ஒன்று அவர்கள் இருவருக்கு, ஒன்று மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு. ராவே ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பூங்காவில் கூட நடந்த சிகெட்டியும் உதவியாளராக இங்கே வந்து சேர்ந்தார்.

1888 மே 16, கொலம்பியா கல்லூரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் டெஸ்லாவின் உரை. ஜூலையில் வெஸ்டிங்ஹவுஸ் ஒப்பந்தம், நான் முதலில் சொன்ன 60,000. பேரத்தை நடத்தியவர்கள் பெக்கும் பிரவுனும். டெஸ்லாவைத் தனியே விட்டிருந்தால் அழகான பத்திரம் இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வடமராட்சியான்

நான் ஒண்டு சேர்க்கவேணும். டெஸ்லா ஏசி எண்ட ஆடலோட்டத்தைக் கண்டுபிடிக்கேல்லை. 1832இல பிக்ஸி கையால சுத்தின மின்பிறப்பாக்கியிலயே ஆடலோட்டம்தான் வந்தது. 1885இல புடாபெஸ்ட் கன்ஸ் கம்பெனியில சிப்பெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி மூண்டு பேரும் நல்ல டிரான்ஸ்போமர் செய்துபோட்டினம். 1886இல அமெரிக்காவில வில்லியம் ஸ்டான்லி கிரேட் பாரிங்டன் ஊருக்கு ஆடலோட்டத்தில விளக்கு எரிச்சுக் காட்டினார். வெஸ்டிங்ஹவுஸிட்ட விளக்கு இருந்தது, டிரான்ஸ்போமர் இருந்தது, நல்ல மோட்டார் மட்டும் இல்லை. அதாலதான் அவ்வளவு காசு குடுத்தவை.

டூரினில கலிலியோ பெராரிஸும் 1885இலயே சுழலும் காந்தப்புலத்தைத் தனியாய்ச் செய்து, 1888 மார்ச்சில, டெஸ்லாவின்ர உரைக்கு ரெண்டு மாதம் முந்தி, கட்டுரையும் வாசிச்சார். ஆனால் இதில வர்ற சக்தியில பாதிக்கு மேல எடுக்கேலாது, வியாபாரத்துக்கு உதவாது எண்டு நினைச்சுப்போட்டார். வெஸ்டிங்ஹவுஸ் அதையும் பார்த்துப்போட்டுத்தான் டெஸ்லாவின்ர உரிமைதான் சந்தையைக் கட்டும் எண்டு முடிவெடுத்தது.

பன்னிரண்டாம்வகுப்பு அப்பா

மகன் கேட்கச் சொன்னான். டெஸ்லாவின் மோட்டார் மூன்று பேஸா? வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியதும் உடனே விற்பனைக்கு வந்துவிட்டதா?

மின்னல்கொடி

பெரும்பாலும் இரண்டு பேஸ் சார். காப்புரிமையில் மற்ற வகைகளும் அடங்கும். உடனே விற்பனைக்கு வரவில்லை. மாதம் 2,000 டாலர் ஆலோசகராக, வெஸ்டிங்ஹவுஸ் இருந்த பிட்ஸ்பர்க் போனார். அங்கே ஓடிய விளக்கு மின்சாரம் ஒற்றைப் பேஸ், நொடிக்கு 133 சுழற்சி. மோட்டாருக்குக் குறைந்த அதிர்வெண் வேண்டும். எஞ்சினியர்களோடு ஒத்துப்போகவில்லை. 1889இல் திரும்பிவிட்டார். தொழிற்சாலையில் வைத்து விற்கிற சரக்காக அதை ஆக்கியதில் சார்லஸ் ஸ்காட், பெஞ்சமின் லாம் போன்றவர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது.

வடமராட்சியான்

மூண்டு பேஸுக்கு ஆள் வேறை. ஜெர்மனியில ஏஈஜி கம்பெனியில இருந்த மிகைல் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி, 1889. கூண்டு ரோட்டாரை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 1891இல லாஃபன் அணையில இருந்து பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூண்டு பேஸில மின்சாரம் அனுப்பிக் காட்டினவை. டெஸ்லாவின்ர ரெண்டு பேஸுக்கு வழமையாய் நாலு கம்பி. மூண்டு பேஸுக்கு மூண்டு போதும், ஏனெண்டால் சுமை சமமாய் இருந்தால் மூண்டு ஓட்டத்தின்ர கூட்டலும் எந்த நேரமும் பூச்சியம். செம்பு மிச்சம். அவருக்கு நாளைக்குத் தனி இழை ஒண்டு தொடங்கிறன்.

சுருள்கம்பி கோவை

தொடங்குங்க தம்பி. காயில் இணைக்கிற ஸ்டார், டெல்டா ரெண்டு முறையையும் அதுலயே சேத்து எழுதுங்க. இங்க ஏழரை எச்பிக்கு மேல மோட்டார் வாங்குற விவசாயிங்க எல்லாரும் ஸ்டார்ட்டர் விசயத்துல என்னைத்தான் போட்டுக் கொடையறாங்க, லிங்க் அனுப்பிவிட்டுர்றேன்.